பொங்காத மாவு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு விஷயம் ஏன் இப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா சொல்லி அனுப்பிய புத்திமதியே இதுதான்: போகிற இடத்தில் காலை ஆட்டாதே, ஏன் எதற்கு என்று கேட்காதே. முதலாவதை ஓரளவுக்குக் காப்பாற்றினேன்.

பிறந்தது அவிநாசிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது போத்தனூரில். மாமனார் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். அத்தை, அதாவது என் மாமியார், அவருக்கும் சேர்த்துப் பேசுவார். கணவருக்குத் திருப்பூரில் வேலை. விடிந்ததும் ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில், ரிப்பேர் என்று திரும்பி வரும் மோட்டார்களைப் பிரித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். பெண் பார்க்க வந்த அன்றே வேலையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அவர்களும் சரி என்று தலையாட்டினார்கள்.

அந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒரு மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்று வந்து இறங்கும். உள்ளே இருக்கும் கம்பிக் காயில் போயிருக்கும் என்பார் ஒருவர், பேரிங் என்பார் இன்னொருவர், போன தடவை இதே மாதிரி ஒன்று வந்ததே என்று பழங்கதையை எடுப்பார் மூன்றாமவர். நான் இதையெல்லாம் காதில் வாங்கமாட்டேன். தண்ணீர் கீழேயிருந்து மேலே வர என்னென்ன வேண்டும்? கீழே தண்ணீர் இருக்க வேண்டும். அதைத் தள்ள ஒன்று சுற்ற வேண்டும். அது சுற்ற மின்சாரம் வேண்டும். தள்ளிய தண்ணீர் வழியில் எங்கும் கசியாமல் வர வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தால், எது இல்லையோ அது தானாக மாட்டிக்கொள்ளும். இதற்குப் பெரிய அறிவெல்லாம் வேண்டாம், பொறுமை போதும். அவசரக்காரியான எனக்கு அந்தப் பொறுமை எப்படி வந்தது என்றால், காரணம் தெரியாமல் இருப்பதைவிடப் பொறுமையாக இருப்பது எனக்குச் சுலபம்.

வைகாசியில் கல்யாணம். விருந்தெல்லாம் முடிந்து நான் அடுப்படிக்குள் நுழைந்ததிலிருந்து அந்த வீட்டில் இட்லி மாவு பொங்கவில்லை.

காலையில் அரிசியையும், வெந்தயம் சேர்த்த உளுந்தையும் தனித்தனியே ஊறவைத்துவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் வந்ததும் கழுவி, கிரைண்டரில் ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கலந்து மூடி வைப்பேன். காலையில் திறந்தால், வைத்த இடத்திலேயே கல் மாதிரி கிடக்கும். வார்த்தால் இட்லி சப்பையாக வரும், பிய்த்தால் இழுபடும். மாமா சட்னியை நிறைய ஊற்றிக்கொண்டு, நல்லாத்தான் இருக்குது அம்மணி என்று சாப்பிடுவார். கணவர் ஒரே வார்த்தையில், கடையில் மாவு பாக்கெட் வாங்கிவிடலாமே என்றார். அந்த வீட்டில் அதுவரை கடை மாவு நுழைந்ததில்லை. அத்தை அதைக் கேட்டு முகம் சுருங்கியதைப் பார்த்தபின் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் பெரிய கஷ்டம். கொங்கு நாட்டு மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிக்கொள்வார்கள். அதற்குள் வாழ்ந்து பார்த்தால் தெரியும். திட்டினால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். “பரவால்ல உடு கண்ணு” என்பதற்கு என்ன பதில் சொல்வது? ஒவ்வொரு தடவையும் அத்தை அதைத்தான் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் அதற்கு மேலும் சொன்னார். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன், கையில் சாப்பாட்டுப் பை. வாசல்வரை கூடவே வந்தார்.

“உன்ற கை ராசி இன்னும் இந்த ஊட்டுக்குப் பழகலையாட்ட இருக்குது கண்ணு. ஒரு வருசம் வேலைக்குப் போகாம ஊட்டுல இருந்து பாரேன். அடுப்படி பழகிப்போச்சுன்னா அப்பறம் எல்லாம் தானா வரும். ஆடி கழியட்டும். ஆவணில எழுதிக் குடுத்துறலாம்.”

கண்ணு என்று சொல்லியே என் வேலைக்கு நாள் குறித்துவிட்டார். ஆடியில் எங்கள் பக்கம் எந்த நல்லது கெட்டதும் முடிவு செய்யமாட்டார்கள். ஆக, ஆடி முடியும்வரைதான் எனக்கு நேரம். அன்று பஸ்ஸில் நின்றபடியே போனேன். உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. மாவு பொங்காததற்கு ஒரு மனுஷி வேலையை விட வேண்டுமா என்று கோபம். அதைவிட, மாவு ஏன் பொங்கவில்லை என்று இன்னும் எனக்கே தெரியவில்லையே என்ற ஆத்திரம்.

காரணம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டம்மா குழாய்த் தண்ணீரில் மருந்து ஜாஸ்தி என்றார். நாத்தனார் போனில், சீரில் வந்த கிரைண்டரின் கல் சரியில்லை என்றாள். என் அம்மாவோ ஆடிக் காத்துக்கு மாவு அடங்கிப்போகும், போர்வை போட்டு மூடு என்றார். போர்வையும் போட்டேன். மாவு அதற்குள் சுகமாகத் தூங்கியது.

கை ராசியையும் சோதித்தேன். அத்தையையே ஆட்டிக் கலக்கச் சொன்னேன். அவர் கை பட்டால் பாத்திரம் வழியும் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அன்றும் மாவு அசையவில்லை. எனக்கு உள்ளூர சந்தோஷம். அத்தை மாவையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மெதுவாகச் சொன்னார், ஊறப்போட்டது நீதானே கண்ணு என்று. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கை ராசி முன்னால் வந்து நின்றது. தப்பு என்று காட்டவே முடியாத ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கம்பெனியில் செய்வதை ஏன் வீட்டில் செய்யவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எல்லோருடைய காரணத்தையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, மாவு பொங்க என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. பொங்குவது என்றால் என்ன? மாவுக்குள் காற்று பிடிக்கிறது. அந்தக் காற்றை யார் ஊதுகிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். நாம் மாவில் ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. அப்படியானால் அவை எங்கிருந்து வருகின்றன? உளுந்தோடு வர வேண்டும், வெந்தயத்தோடு வர வேண்டும், கொஞ்சம் கையோடும் வரலாம். வந்தவை பெருக ஈரம் வேண்டும், சூடு வேண்டும், தின்ன மாவு வேண்டும், நேரம் வேண்டும். ஈரமும் மாவும் நேரமும் இருந்தன. சூட்டுக்குப் போர்வையே இருந்தது. அப்படியானால் ஊத வேண்டிய ஆட்களே மாவுக்குள் இல்லையோ?

மறுநாள் காலை உளுந்தை ஊறப்போடும்போது, அதே உளுந்து, அதே வெந்தயம், அதே குழாய்த் தண்ணீர் என்று ஒரு கைப்பிடியை டிபன் டப்பாவில் எடுத்துக்கொண்டேன். கம்பெனியில் என் மேஜைக்குக் கீழே அது நாள் முழுக்க ஊறியது. சாயங்காலம் வீட்டு உளுந்திலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, இரண்டையும் அதே மிக்சியில் தனித்தனியே அடித்து, ஒரே அரிசி மாவைக் கலந்து, ஒரே அளவு உப்புப் போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினேன். அத்தை கண்ணில் பட்டால் விளக்கம் சொல்ல வேண்டும். அதனால் துணி அலமாரிக்குள் வைத்தேன். காலையில் சட்டை எடுக்கப் போன கணவர் அலமாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“இது என்ன அம்மணி, சட்டைக்குள்ள மாவு வழியுது?”

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். டப்பாவில் ஊறிய உளுந்து டம்ளரைத் தாண்டிப் பொங்கி, அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியிருந்தது. வீட்டில் ஊறிய உளுந்து அதே அலமாரியில், பக்கத்திலேயே, கல் மாதிரி கிடந்தது. என் கை, கிரைண்டர் கல், தண்ணீர், உளுந்து, உப்பு, ஆடிக் காற்று எல்லாம் ஒரே நேரத்தில் விடுதலை. சட்டை போனது போகட்டும், வேறொன்று போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் ரயிலுக்குப் போனார்.

இனி மிச்சம் ஒன்றே ஒன்றுதான். காலைக்கும் மாலைக்கும் நடுவில் வீட்டு உளுந்துக்கு ஏதோ நடக்கிறது. கம்பெனியாக இருந்தால் நேராகப் போய், இதை யார் தொட்டது என்று கேட்டிருப்பேன். வீட்டில் அந்தக் கேள்விக்கு எத்தனை ‘ங்க’ போட்டாலும் அது குற்றச்சாட்டுதான். சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், பகலில் உளுந்தை எங்கேயாவது வெயிலில் நகர்த்தி வைக்கிறீர்களா அத்தை என்று. ஒண்ணுமில்லையே கண்ணு, வெச்ச எடத்துலதான் இருக்குது என்றார். உண்மையைத்தான் சொன்னார். நான்தான் தப்பான கேள்வியைக் கேட்டிருந்தேன்.

ஒருநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, மத்தியானம் சாப்பாட்டு வேளை கழிந்ததும் வீட்டுக்கு வந்தேன். முன் அறையில் மின்விசிறிக்குக் கீழே அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம். செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தேன்.

மாமா. தனக்கு ஒரு காபி போட்டுக்கொள்ளக்கூட அடுப்படிக்கு வராத மனிதர், சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு உளுந்துப் பாத்திரத்தைக் குழாய்க்கடியில் பிடித்திருந்தார். மேலே கட்டியிருந்த நுரையோடு தண்ணீரை முழுக்க வடித்தார். புதுத் தண்ணீர் விட்டு, உளுந்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். அதையும் வடித்தார். மறுபடி தண்ணீர் பிடித்து, பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைக்கூடத் துடைத்து, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தார். திரும்பியவர் என்னைப் பார்த்துக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. அடக்கிக்கொண்டு, எவ்வளவு நாளாக மாமா என்று கேட்டேன். அவர் முன் அறையை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

“நீ ஊறப்போட ஆரம்பிச்ச நாளாத்தான் அம்மணி. காத்தால உங்கத்தை ஒருக்கா மாத்தறதப் பாத்தேன். மத்தியானத்துக்குள்ள மறுக்கா நொரை கட்டிப்போகுது. நீ அலுத்துப்போயி வந்து அந்த நாத்தத்தோட கழுவோணுமேன்னு... உன்னைய வேலைய உடச் சொல்றதுல எனக்கு இஷ்டமில்ல. எதுத்து நாயம் பேசவும் எனக்கு வராது. ஏதோ என்னால ஆனது, உனக்கொரு வேலை கொறையட்டும்னு செஞ்சுபோட்டேன்.”

என் வேலை போகக் கூடாது என்று நினைத்த ஒரே ஆள், அதற்காகவே தினமும் என் மாவைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முன்னால் அத்தை மத்தியானம் ஊறப்போட்டுப் பொழுதோடு ஆட்டிவிடுவார். தண்ணீர் மாற்றும் வேலையே இல்லை. நான் வேலைக்குப் போவதால் உளுந்து நாள் முழுக்க ஊறியது, நுரைத்தது, வாடை அடித்தது. அத்தை காலையில் ஒருமுறை மாற்றினார். என்னிடம் சொன்னால், நீ சரியாகக் கழுவவில்லை என்று சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று சொல்லவில்லை. மத்தியானம் மாமா மாற்றினார், அவரும் சொல்லவில்லை. சாயங்காலம் நான் வந்து, என் பங்குக்குத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அழுக்கு என்று நாங்கள் கொட்டிய அந்த நுரையில்தான் மாவை ஊத வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். மூன்று பேரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் அவர்களைச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இதை மாமாவுக்கு அங்கேயே நின்று விளக்கினேன். சிக்னல் பிரிவில் இருந்தவர், சட்டென்று பிடித்துக்கொண்டார். அப்படியானால் அத்தையிடமும் சொல்லிவிடலாம் என்றேன். அவர் பதறிப்போனார். இத்தனை நாள் மருமகள் கையைக் குற்றம் சொல்லிவிட்டோமே என்று அவள் ஒடிந்துபோவாள், அது மட்டும் வேண்டாம் என்றார். அத்தை அப்படி ஒடிவார் என்று எனக்கும் தோன்றியது. சரி என்றேன்.

அன்றிலிருந்து தண்ணீர் மாற்றுவது தன் வேலை என்று மாமா அறிவித்துவிட்டார். முட்டி வலியோடு நீ எதற்குக் குனிந்து நிமிர வேண்டும் என்று அத்தையை உட்கார வைத்தார். காலையிலும் மத்தியானமும் அடுப்படிக்குப் போவார், குழாயைத் திறந்து ஒரு வாளியில் தண்ணீர் பிடிப்பார், சத்தம் கேட்கட்டும் என்று. அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். உளுந்துப் பாத்திரத்தைத் தொடவே மாட்டார். நானும் சாயங்காலம் கழுவுவதை நிறுத்தி, ஊறின தண்ணீரையே தெளித்து ஆட்டினேன்.

அப்படி ஆட்டிவைத்த மறுநாள் காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேடை முழுக்க வழிந்திருந்தது. இட்லி துணியிலிருந்து எடுக்கும்போதே ஆடியது. அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஆவணி வந்தது, எழுதிக் கொடுக்கும் பேச்சு வரவேயில்லை. நானே பயந்துகொண்டு ஒருநாள் கேட்டேன். வேலைக்குப் போறதுக்கும் மாவுக்கும் என்ன கண்ணு இருக்குது, நீ பாட்டுக்குப் போயிட்டு வா என்றார்.

அத்தோடு நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. ஏனென்றால் அத்தையும் காரணம் கண்டுபிடித்துவிட்டார். எப்போதிலிருந்து மாவு பொங்குகிறது? மாமா தண்ணீர் மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டதிலிருந்து. ஆகவே தண்ணீரை அடிக்கடி மாற்றினால் மாவு பொங்கும். இதை அவர் விசேஷ வீடுகளில் சொன்னார், போனில் சொன்னார், கேட்காதவர்களுக்கும் கூப்பிட்டுச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறப்பேன். மாமா பேப்பரைச் சற்று இறக்கி என்னைப் பார்ப்பார். நான் வாயை மூடிக்கொள்வேன். மேஜைக்கடியில் கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

தை கழிந்து, கிணத்துக்கடவில் இருக்கும் அத்தையின் தங்கை வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தாள். அந்தப் பெண் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் போனில் கூப்பிட்டாள். நலம் விசாரித்தாள், மழை விசாரித்தாள், பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, என்ற கைக்கு மாவே பொங்க மாட்டேங்குதுங்க. பெரியத்தை சொன்னாப்பலயே மூணு தடவை தண்ணி மாத்தறனுங்க. ராசி இல்லைங்கறாங்க. பள்ளிக்கூடத்துக்குப் போறத நிறுத்திப்போட்டு ஒரு வருசம் ஊட்டுல இருன்னு சொல்றாங்க.”

தண்ணியை மாத்தாதே கண்ணு, யாரையும் மாத்த விடாதே என்று சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, இவள் போய் அங்கே சொன்னால் எடுபடாது என்று. பெரியத்தை சொன்னதை நேற்று வந்தவள் மறுத்துப் பேசுவதா என்பார்கள். அந்த வீட்டுக்குத் தப்புக் கணக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் போனது, எங்கள் வீட்டிலிருந்துதான் திரும்ப வேண்டும்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அத்தை சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முன் அறையில் இருந்த மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கம்போலப் பேப்பரை இறக்கினார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“அத்தைங்க, மாமா உளுந்துத் தண்ணிய மாத்தறதே இல்லீங்க.”

அத்தை கையை நிறுத்தினார். “அப்ப அந்த வாளில உழுவற தண்ணி?”

“அது செடிக்குங்க.”

முழுவதையும் சொன்னேன். நுரையை, டிபன் டப்பாவை, அலமாரியில் பொங்கிய டம்ளரை, மத்தியானம் பார்த்ததை. கிணத்துக்கடவுப் பெண்ணின் போனையும் சொன்னேன். அத்தை ஒடிந்துபோவார் என்று காத்திருந்தேன். அவர் வெங்காயத் தோலைக் கூட்டித் தள்ளிவிட்டுக் கையைத் துடைத்தார். மாமாவைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். பிறகு என் போனை வாங்கித் தங்கையைக் கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் நலம் விசாரிக்கத் தொடங்கியதை அப்படியே நிறுத்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் புள்ளை கையில ஒரு குத்தமும் இல்ல. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன். அவ பள்ளிக்கூடத்துக்குப் போவட்டும், ஒண்ணும் சொல்லாத.”

கல், உப்பு, தண்ணீர், கை என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த நான், அத்தையால் தாங்க முடியாது என்பதை மட்டும் சோதிக்காமலே நம்பியிருந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்தவர், காலையில் நீ ஊறப்போட்ட உளுந்து எங்கே கண்ணு, அந்த நுரையைக் காட்டு என்றார். பாத்திரத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். இருவரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.